முப்பதுக்குள் ஐந்து

அம்மா வசந்தகுமாரி இறந்து ஆறு வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் அவள் ஓடி முடித்த மராத்தானைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த மராத்தானுக்கு மூன்று வாரம் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மௌலா அலி பக்கம் ரயில்வே பணிமனையில் அம்மா லேத் ஓட்டினாள். அப்பா போனபின் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. ஐம்பத்து மூன்றில் சர்க்கரைக்குப் பயந்து நடக்கத் தொடங்கினாள். ஐம்பத்தேழில் மராத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். பயிற்சி அட்டவணை என் பொறுப்பு. மென்பொருள் சோதிப்பது என் தொழில், அதே கண்டிப்புடன் போட்டேன்.

பணிமனை விளையாட்டு விழாவில் ஆண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், பெண்களுக்கு மியூசிக்கல் சேர். இரண்டு வருடம் மனு கொடுத்து அந்த ஐந்தைப் பெண்களுக்கும் வாங்கினாள். தேதி அறிவித்தார்கள். அட்டவணையில் அன்றுதான் முப்பது கிலோமீட்டர், கடைசி நீண்ட ஓட்டம்.

"ரெண்டும் முடியாதும்மா. அஞ்ச வேகமா ஓடினா முப்பது போச்சு."

"கேட்டு வாங்குனவ நானு. நானே வரலன்னா அடுத்த வருஷம் திரும்ப மியூசிக்கல் சேரத் தூக்கிப் போட்டுருவானுங்க."

"அப்ப முப்பத சனிக்கிழமை ஓடு."

"டூட்டி இருக்கு. லீவெல்லாம் நக்கோ, வேணாம்."

முப்பதைப் பிரித்தேன். லோத்குண்டாவில் வீட்டைச் சுற்றி ஆறு, அங்கிருந்து மைதானத்துக்கு ஒன்பது. போட்டி ஐந்து. கொஞ்சம் சுற்றுவழியில் வீடு திரும்பப் பத்து. ஒரே நிபந்தனை: போட்டியையும் மராத்தான் வேகத்தில்தான் ஓட வேண்டும், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் பத்து நொடி.

"ஹவ், ஹவ்" என்று பணிமனை உருதுவில் ஆமாம் போட்டாள்.

ஞாயிறு காலை நாலரைக்குக் கிளம்பினாள். நான் ஸ்கூட்டரில் தண்ணீருடன் பின்னால். ஆறு இருபதுக்கு மைதானத்தில் இருந்தோம். மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் துரைராஜ் அவள் சட்டையைப் பார்த்தார்.

"என்னக்கா, ஓடறதுக்கு முன்னாடியே நனஞ்சிட்ட?"

"பதினஞ்சு முடிச்சிட்டு வரேன்."

"அப்ப ஒக்காரு. மத்தவங்களுக்குத் தண்ணி குடு, புண்ணியம்."

"நீ ஓடி வா, ஒனக்கும் தரேன்."

பதினோரு பெண்கள். காலனிக்குள் இரண்டு சுற்று. முதல் சுற்றில் என்னைக் கடந்தபோது பதினைந்து நிமிடம் பத்து நொடி. கணக்குப்படி பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். "மெதுவா போம்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. முன்னால் போன முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இருநூறு மீட்டரில் அக்கவுண்ட்ஸ் பிரிவு காஞ்சனாவை முந்தினாள். காஞ்சனாவுக்கு முப்பத்தெட்டு வயது. இருபத்தொன்பது நிமிடம் முப்பது நொடி, மூன்றாவது இடம். காஞ்சனா கோட்டைத் தாண்டிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா நிற்கவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வாசல் வழியே சாலைக்குப் போய்விட்டாள்.

ஆண்கள் ஓட்டத்துக்கு முன்பே பரிசு கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் நான் போய் நின்றேன்.

"உங்கம்மா எங்க, தம்பி?" துரைராஜ் கேட்டார்.

"வீட்டுக்குப் போறாங்க."

"பஸ்லயா?"

"ஓடி."

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "தேர்ட் பிரைஸ் அக்கா இன்னும் ஓடிக்கிட்டிருக்காங்க." முதலில் சிரிப்பு. பிறகு கைதட்டல், நான் மேடையிலிருந்து இறங்கும்வரை.

இருபத்து நான்காவது கிலோமீட்டரில் அவளைப் பிடித்தேன். வேகம் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடமாகக் குறைந்திருந்தது.

"மூணாவது இடம்மா."

"தெரியும். முன்னாடி ரெண்டு பேருதான இருந்தாங்க."

"ஏழு பத்துன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

இருபத்தேழில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. யார் வீட்டுக் கேட்டையோ பற்றிக்கொண்டு நின்றாள். நான் பயந்த இடம் அதுதான்.

"வண்டில ஏறும்மா. இருபத்தேழு போதும்."

"கிரி, அங்க எல்லார் முன்னாடியும் ஜெயிச்சேன். இதுல நான் தோத்தா மராத்தான்ல எந்தக் காலோட நிக்கறது? தண்ணிய எடு."

இரண்டு நிமிடம் காலை நீட்டி மடக்கினாள். பிறகு ஓடினாள். ஒன்பது நிமிட வேகம், நடக்கவில்லை.

கடைசி தெருவில் நான் முந்திப் போய் எங்கள் கேட்டைத் திறந்து வைத்தேன். அவள் கையில் கடிகாரம் 29.8 காட்டியது. கேட்டைப் பார்க்காமல் தாண்டி ஓடினாள். தெருமுனை ரேஷன் கடைவரை போய்த் திரும்பி வந்தாள்.