உள்கூடு முப்பத்தொன்பது அடி

வடமதுரை ரோட்டில் ஷெட் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் வரைபடம் வரைவது என் வேலை. கம்ப்யூட்டரில்தான். தூண், கூரையைத் தாங்கும் ட்ரஸ், எந்தக் கம்பியை எந்த நீளத்துக்கு வெட்டுவது என்ற பட்டியல் எல்லாம் சேர்த்து ஒரு ஷெட்டுக்கு மூன்று நாள் பிடிக்கும். முடித்த மறுநாளே மனையடி பார்ப்பவர் ஓர் அடியைக் கூட்டச் சொல்வார், இல்லையென்றால் குறைக்கச் சொல்வார். மறுபடி மூன்று நாள். எரிச்சல் தாங்காமல் போன வருஷம் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அகலம், நீளம், உயரம் கொடுத்தால் போதும், மொத்தப் படமும் பத்து நிமிஷத்தில் வந்து விழும். ஒரு கோடு பிசகாது.

யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? மூன்று நாள் வேலை பத்து நிமிஷம் என்று முதலாளிக்குத் தெரிந்தால், மிச்ச நாளுக்கு நான் எதற்கு? முதல் நாளே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் நாள்தான் கொடுப்பேன். இடையில் சும்மா உட்கார எனக்கு வராது. "சைட்டப் பாத்துட்டு வாரேன்" என்று டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் எரியோடு பக்கம் கிளம்பிவிடுவேன். நாங்கள் போட்ட ஷெட்டுகளுக்குள் நின்று அளந்து, என் படத்தோடு சரிபார்ப்பேன்.

ஆனிக் கடைசியில் ரெட்டியார்சத்திரத்து வெங்காய வியாபாரி ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை அவருடைய குடோனுக்குத் தூண் ஊன்ற நேரம் குறித்திருந்தது. நாற்பதடி அகலம் ஆகாது, உள்கூடு, அதாவது சுவருக்குச் சுவர் உள்ளளவு, முப்பத்தொன்பது வேண்டும் என்று மனையடிக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

"இன்னைக்கே மாத்திக் குடுங்க. விட்டா ஆடி பொறந்துரும்."

"படம் மாத்த மூணு நாளாகுமே," என்றார் முதலாளி. வியாபாரிக்கு முகம் செத்துப்போனது.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "பத்து நிமிஷம் போதும்ண்ணே," என்றேன்.

புரோகிராமைத் திறந்து காட்டினேன். "எந்திரி தாயி" என்று முதலாளியே என் நாற்காலியில் உட்கார்ந்து, அகலம் என்ற இடத்தில் முப்பத்தொன்பது என்று தட்டினார். கோடுகள் நகர்ந்தன, பட்டியல் மாறியது.

"அம்புட்டுத்தானா? இத நானே பண்ணிருவேனே!"

நான் பயந்தது இதைத்தான். அவரோ பிரிண்ட் எடுத்து, கம்பி வெட்டுபவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். பயம் போய்ச் சிரிப்பு வந்தது.

"அண்ணே, நீங்க போட்டது தூண் நடுவுல இருந்து தூண் நடுவுக்கு. ஒம்பதிஞ்சு சுவரு, ரெண்டு பக்கமும் பாதி உள்ள வரும்ல? முக்கா அடி போயிரும். உள்கூடு முப்பத்தெட்டேகாதான் நிக்கும்."

"முப்பத்தெட்டா!" வியாபாரி அலறினார். "பேய் குடியிருக்குற அளவு தாயி அது!"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்ப இம்புட்டு நாளா மூணு மூணு நாளு என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?"

"படத்த அது வரைஞ்சிரும்ண்ணே. நான் போயி அளந்துட்டு வந்தேன்."

அவர் கம்பி வெட்ட வந்தவரைக் கை காட்டி நிறுத்தினார். பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு தாயி. நாளைக்குத் தூண் ஊனுறப்பவும் டேப்ப எடுத்துட்டு நீயே போ."

உட்கார்ந்து, முப்பத்தொன்பதே முக்கால் என்று தட்டினேன்.