பந்தல் கம்பியில் கை வைக்குமுன்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்ட வேலைக்குப் பெண்களைக் கூட்டிப் போகிறவள் சங்கிலியம்மாள். அவள் சுருக்குப்பையில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று குச்சனூர் சனீஸ்வரன் கோயில் திருநீறு. மற்றது கரண்டு பார்க்கிற டெஸ்டர்.

அவள் புருஷன் கருத்தக்கண்ணன் செத்தது திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான். கிணற்று மோட்டாருக்குப் போகிற வயரைத் தனியாகக் கம்பம் நட்டு இழுக்காமல், பந்தல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை. வயரில் ஒட்டுப் போட்ட இடம் நனைந்து, தோட்டம் முழுக்க வலையாக ஓடிய கம்பியெல்லாம் கரண்டு ஏறிக் காத்திருந்தது. கொடியைக் கட்டக் கை தூக்கினார். தூக்கிய கை கம்பியை விடவில்லை. அடுத்த வரிசையில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனி புடிச்சிருந்துச்சு, கொண்டு போயிருச்சு" என்றது ஊர். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுகிறவளுக்கு அந்தப் பேச்சு மட்டும் பொறுக்காது. "சாமி மேல பழி போடாதீக. வயரைக் கட்டுனது சாமியா?" என்பாள்.

2006 ஐப்பசியில் ஒருநாள் சுந்தரலிங்கம் தோட்டத்துக்குக் கொடி கட்டப் போனார்கள். இரவெல்லாம் மழை. தரை சொதசொதவென்று கிடந்தது. மருந்துத் தொட்டியை நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாள் வரப்பிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு வயர், பந்தல் கம்பியோடு ஒட்டியபடி போனது. டேப் சுற்றிய ஒட்டிலிருந்து நீர் சொட்டியது.

"யாரும் உள்ள போகாதீக. மோட்டாரை நிறுத்தட்டும்."

"அத்தையைக் கரண்டு ஆபீசுல சேத்துவிட்டிருந்தா இந்நேரம் பென்சன் வாங்கியிருக்கும்" என்றாள் கூட வேலைக்கு வந்த ஞானசெல்வி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தாலும் ஒருத்தியும் வரப்பைத் தாண்டவில்லை.

சுந்தரலிங்கம் வேகமாக வந்தார். "என்ன சங்கிலி, வேடிக்கை பாக்கவா கூட்டியாந்த?"

"வயரு கம்பியோட கெடக்கு மொதலாளி. டெஸ்டர் வச்சுப் பாத்துக்கிறேன்."

"முந்தாநாள் போட்ட புது வயரு. டெஸ்டராம்! இந்தா, நானே தொடுறேன்."

செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். கை மேலே போனது. சங்கிலியம்மாள் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மொதலாளி சேற்றில் மல்லாந்து விழுந்தார்.

"ஏய், என்ன திமிரு ஒனக்கு!"

அவள் சுருக்குப்பையைத் திறந்தாள். டெஸ்டரைக் கம்பியில் வைத்தாள். இலை நிழலில் அதன் விளக்கு சின்னதாக, சிவப்பாக எரிந்தது.

சுந்தரலிங்கம் எழுந்து, பந்தல் கால்களில் உடம்பு படாமல் ஒதுங்கி ஒதுங்கி மோட்டார் ரூமுக்குப் போனார். மோட்டார் நின்றது.

அப்போதுதான் ஞானசெல்வி சங்கிலியம்மாள் கையைப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அத்தை, எங்க அம்மா இன்னைக்கு மேற்கால தோட்டத்துக்குப் போயிருக்கு. அங்கனயும் வயரை இப்படித்தான கட்டியிருப்பாக?"

இங்கே மோட்டார் நின்றுவிட்டது. ஆனாலும் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, மேற்கேயிருந்து.

சங்கிலியம்மாள் டெஸ்டரைப் பையில் போடவில்லை. "சனீஸ்வரா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றபடி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடத் தொடங்கினாள்.