தவராஜா கட்டிய போர்க்கப்பல்

தவராஜாவைப் போன்ற ஒரு புளுகனைச் சுவிஸின் துன் நகரில் நான் வேறு காணவில்லை. 1986இல் அவனோடு ஒரே அறையில் இருந்த பாவத்தால் சொல்கிறேன். ஏரிக்கரை ஹோட்டலில் எனக்கும் அவனுக்கும் கோப்பை கழுவுகிற வேலை. ஆனால் தவராஜா துரை அதை வாயால் சொல்ல மாட்டார். ஊரைப் பொறுத்தவரை அவர் ஏதோ பெரிய கொம்பனியில் இருந்தார்.

அந்த வசந்தத்தில் ஹோட்டல் மண்டபத்தில் ஒரு சுவிஸ் கிழவர் தான் சேர்த்த படங்களைக் கண்காட்சியாக வைத்தார். எல்லாம் 1910 வாக்கில் போர்க்கப்பல்கள் கட்டப்பட்டபோது மாதாமாதம் எடுத்தவை. முதலில் வெறும் இரும்பு விலா எலும்புகள், பிறகு கவசத் தகடுகள், கடைசியில் பீரங்கி. ஒன்றைச் சுவரளவு பெருப்பித்து மாட்டியிருந்தார். நான் வாய் பிளந்து பார்த்தேன். தவராஜாவுக்கோ அதில் தன் கல்யாணம் தெரிந்தது.

அப்போது ஊரில் ஞானேஸ்வரி என்ற பெண்ணை அவனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படம் கேட்டிருந்தார்கள். இவன் கோட்டு இரவல் வாங்கி, கறுப்பு வெள்ளைப் பிலிம் தேடிப் பிடித்து, அந்தச் சுவர்ப்படத்தின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். ஓரச் சட்டம் படத்தில் விழாமல் வேலைக்காரப் பையன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தான். "நான் கட்டுகிற கப்பல்" என்று பின்னால் எழுதி அனுப்பினான். கடலே இல்லாத நாட்டில் கப்பல் கட்டுகிறானாம்! வெட்கம் மருந்துக்கும் கிடையாது.

சில வாரங்களில் பெண்ணின் அண்ணன் சிறீதரன் கூர் நகரிலிருந்து ரயிலேறி வந்தான். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்த படத்தை மேசையில் வைத்தான்.

"தங்கச்சி மாட்டனெண்டிட்டாள். நேவி கப்பலில இருந்து அடிச்ச செல்லிலதான் எங்கட வீடு போனது. சண்டைக் கப்பல் கட்டுறவனையோ எனக்குப் பாத்தனீங்கள் எண்டு ஒரே அழுகை."

தவராஜா படத்தைக் கவிழ்த்து வைத்தான். இப்போதாவது உண்மையைக் கக்குவான் என்று நினைத்தேன்.

"அது... வேற நாட்டு நேவிக்கு," என்றான்.

அறைய வேண்டும்போல் வந்தது எனக்கு. "இவன் என்னோட கோப்பை கழுவுறான். கப்பல் சுவரில தொங்கின படம்," என்று போட்டுடைத்தேன்.

சிறீதரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நானும் கூரில கோப்பைதான் கழுவுறன். அது எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப தங்கச்சிக்கு உண்மையை எழுதிவிடுங்கோவன்," என்று தவராஜா கெஞ்சினான்.

"எழுதுறன்," என்றான் சிறீதரன், சப்பாத்தை மாட்டியபடி. "இவ்வளவு நாளும் அழுதவள். வாசிச்சுச் சிரிக்கட்டும்."