எதிர்மலையை இழுத்துப் பார்த்த கேமரா

பண்டாரவளைக் கடைக்காரர் அந்தக் கேமராவை என் கையில் கொடுத்தபோது, "சேர், இது பிரிட்ஜ் கேமரா. லென்ஸ் கழட்டி மாத்துற வேலையே இல்ல. அறுபது மடங்கு இழுக்கும். நிலாவுல குழி தெரியும்" என்றார். நிலாவின் குழியைப் பார்த்து ஒரு கணக்கு வாத்தியாருக்கு என்ன ஆகப்போகிறது? அதை யோசிக்காமலே வாங்கிவிட்டேன்.

நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். குவாட்டர்ஸ் அதற்குப் பின்னாலேயே. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில், என் அக்கா குடியிருக்கும் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினோரு தொழிலாளர் வீடுகள். நடந்துபோனால் இறங்கி ஏற ஒரு மணி நேரம். கேமராவில் ஒரு விரல் அழுத்தினால் வாசலில் நிற்கிற அக்காவின் மூக்குத்திவரை தெரியும்.

ஆனால் அதன் குணமும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முழுக்க இழுத்தால் மூச்சு விடுவதற்கே படம் ஆடும். முழங்கையை மதில்மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் மூட்டம் போட்டால் படமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். அறுபதுக்கு மேல் டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று உண்டு. சுத்த ஏமாற்று வேலை. பெரிதாக்கும், புதிதாக எதையும் காட்டாது.

ஒரு சனிக்கிழமை காலை லயத்துக்கு மேலே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா வீடியோ எடுத்தேன். ஒருத்தி மேலே ஏறியவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓர் எட்டு அகலமாக வைத்தாள். அடுத்த நிரையில் இருந்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். தண்ணி ஓடுகிற கான் ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். வாத்தியார் புத்தி விடுமா? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தெந்த இடத்தில் எட்டு வைத்தார்கள் என்று தாளில் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒரு வளைவு வந்தது. பதினோரு வீட்டுக்கும் நேர் மேலே. மண் சரிந்தால் அவற்றின் மேல்தான் விழும்.

அவர்களோடு கொழுந்து எடுக்கிற அக்காவுக்குப் போன் அடித்து, அங்கே எதைத் தாண்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுவா? என் நெரையில ஒரு பொளவு இருக்கு தம்பி. காலு மாட்டிக்காம தாண்டிருவேன்."

"பக்கத்து நெரையில?"

"அவ நெரைய நான் எதுக்குப் பாக்குறேன்? கிலோ கொறஞ்சா திட்டு வாங்குறது யாரு, நீயா?"

ஒவ்வொருத்தியும் தன் நிரையில் மட்டும்தான் வெடிப்பு என்று மாதக்கணக்கில் தாண்டியிருக்கிறார்கள்.

நான் கொண்டுபோய்க் காட்டிய வீடியோவைப் பார்த்த மண்சரிவு அதிகாரி டேப்போடு வந்து வெடிப்பை அளந்தார். அடுத்த வாரமே பதினோரு வீட்டையும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்தார்கள். மூன்று மாதம் என்றார்கள். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அக்காவை என் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம். இருக்கிற ஓர் அறையில் எங்கள் நாலு பேருக்கே இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உயிர்களைக் காப்பாற்றியவன் என்ற நினைப்பில் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன். வாராவாரம் மதிலில் கையூன்றி அந்தச் சரிவைப் படம் எடுத்தேன்.

போன வாரம் அப்படி எடுக்கும்போது கேமரா கொஞ்சம் கீழே சரிந்தது. காலியான லயத்து வாசலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுக்க இழுத்தேன். அக்கா.

போன் அடித்தேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுப்பது தெரிந்தது.

"எங்கக்கா இருக்க?"

"கொட்டாயிலதான். வேற எங்க?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "பொய் சொல்லாத! லயத்து வாசல்ல நிக்கிற. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மேல என்ன இருக்குன்னு தெரியும்ல?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாக்குறியா? நல்லா பாரு. இங்க கதவு இருக்கு, தாப்பா இருக்கு. அங்க வீட்டுக்கு வீடு சேலதான் செவுரு. வயசுக்கு வந்த புள்ளைய வச்சிக்கிட்டு எத்தன நாளைக்குடா? மலைய அத்தன படம் எடுத்தியே, அந்தக் கொட்டாய ஒண்ணாவது எடுத்தியா?"

எடுக்கவில்லை. அது என் வகுப்பறை ஜன்னலுக்குக் கீழேயே இருக்கிறது.

அன்று மத்தியானம் கேமராவோடு கொட்டகைக்குள் போனேன். ஜூமை முழுக்க உள்ளே இழுத்து, முதுகு தகரத்தில் இடிக்கப் பின்னால் நகர்ந்தும் பாதிதான் படத்தில் விழுந்தது. ஒரு சேலைக்குப் பின்னால் யாரோ உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கேமராவைத் தாழ்த்திவிட்டேன்.

பிறகு பள்ளம் இறங்கி ஏறி அக்காவிடம் போனேன். "இன்னைக்கே ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துருங்கக்கா, மழை வரும்போல இருக்கு" என்று கெஞ்சினேன்.

"இத ஒரு வருசத்துக்கு முந்தி கேட்டிருக்கணும் தம்பி" என்றாள். மகளை உள்ளே கூப்பிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.