விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

அம்மன் பிள்ளைகளே, இதைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகையும் நன்றியும் அதற்குப் பிறகுதான்.

என் கணவர் பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரி வைத்திருக்கிறார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றும் சொந்தமாக இருக்கிறது. ஓட்ட லைசென்ஸ் உண்டு, பொறுமைதான் கிடையாது. லாரி டயரில் ஒரு கீறல் தெரிந்தால் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். தன் விமானத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கச் சொன்னால் மட்டும், "என் வண்டி எனக்குத் தெரியாதா?" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். மேகம் கறுத்தாலும் கிளம்புவார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

சென்ற ஆயுத பூஜைக்கு, விமானம் நிற்கும் தனியார் ஓடுதளத்துக்கே போய்ப் பூசணிக்காய் உடைத்தார். சந்தனத்தைக் குழைத்து மூக்கிலிருந்து வால் வரை பொட்டு வைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, எங்கள் மகள் கயலை ஏற்றிக்கொண்டு பறப்பதாக ஏற்பாடு.

"ஏங்க, புள்ளைய கூட்டிட்டுப் போறீங்க. எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துட்டு ஏறுங்க."

"அதான் பூசை போட்டாச்சுல்ல? கிளம்புற நேரத்துல நொய்நொய்ங்காத."

கார் போய்விட்டது. பாரத்தை அம்மன் தலையில் போட்டுவிட்டு இவர் ஹாயாகப் பறப்பாராம்!

சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறந்திருக்கும். ஓடினேன். வழக்கமாக, அவரைக் காப்பாற்று என்று வேண்டுவேன். அன்று அலுத்துப்போய் வேண்டுதலையே மாற்றினேன். "தாயே, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பயத்தக் குடு. அது போதும்." மாவிளக்கு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கயலிடமிருந்து போன் வந்தது. "அம்மா, நாங்க பறக்கலம்மா. தரையில ஓடுறப்பவே வேகம் காட்டுற முள்ளு அசையல. அப்பா நிறுத்திட்டாங்க. இறங்கி விமானத்தச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருக்காங்க."

இறக்கையில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று புகுந்தால்தான் முள் வேகம் காட்டும். இவர் அதன் வாயிலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். சந்தனம் காய்ந்து அடைத்துவிட்டது. ஏறுமுன் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளையோடு மேலே போயிருந்தால், வேகம் தெரியாமல் விமானம் விழுந்திருக்கவும் கூடும்.

வீட்டுக்கு வந்தவர், "அம்மன்தான் காப்பாத்துனா" என்றார்.

"அம்மனா வந்து குழாயில சந்தனத்த அடைச்சா?" என்று கத்திவிட்டேன். ஆத்திரம் அடங்கியபின் கேட்டேன். "எதுக்கும் 'பாத்துக்கலாம்'னு போற ஆளு, இன்னிக்கு எப்புடி நின்னீங்க?"

கார் சாவியை ஆணியில் மாட்டினார். அப்புறம், "பயமா இருந்துச்சு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். நான் கேட்டதைத்தான் தாய் கொடுத்திருந்தாள்.

இப்போதும் பொட்டு வைக்கிறார், குழாயை விட்டுவிட்டு. பிறகு கோயிலை வலம் வருவதுபோல விமானத்தைச் சுற்றிவந்து, குனிந்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான் ஏறுகிறார். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொன்ன பேச்சு கேளாதவர் இருந்தால், நம்பி அவளிடம் போங்கள். அவரைக் காப்பாற்று என்று கேட்குமுன் அவருக்குக் கொஞ்சம் பயத்தைக் கேளுங்கள். கொடுப்பாள்.