‘இல்லை’ என்று நிரப்பிய படிவம்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சேலையூரில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டின் அலுவலகத்தில்தான் அவரைப் பார்த்தேன். மருத்துவ பாலிசிக்காக, ஏஜென்டே நிரப்பி வைத்திருந்த படிவத்தில் நான் கையெழுத்துப் போடப் போன நேரம். அவர் கோவளத்து மீனவர். ஐம்பது வயதிருக்கும், வலை இழுத்துக் காய்த்த கைகள். பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மேஜையை விரலால் தட்டினார்.

“என் சம்சாரத்துக்கு சக்கர வியாதி கீதுன்னு அன்னிக்கே சொன்னேன். நீ ஏன் இல்லன்னு எழுதின? இப்ப கால எடுத்துட்டாங்க. நோயை மறைச்சிட்டேன்னு கம்பெனிக்காரன் பணம் தர மாட்டேன்றான்.”

“எல்லாருக்கும் அப்படித்தாங்க எழுதுறோம். இல்லேன்னா பாலிசியே கிடைக்காது” என்று ஏஜென்ட் சிரித்தார்.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மறுகணம் ஏஜென்டின் முகம் மேஜைக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி உடைந்து, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. முடியைப் பிடித்து மறுபடியும் மோதினார். நான் பின்னாலிருந்து இழுத்தேன். என்னை உதறித் தள்ளியவர், கீழே விழுந்திருந்த என் படிவத்தைக் காட்டி, “அத்த படிச்சியா சார்?” என்றார்.

எடுத்துப் படித்தேன். எனக்கு ரத்த அழுத்தம் உண்டென்று ஏஜென்டிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்தது.

போலீஸ் வரும்வரை அவர் ஓடவில்லை. “என்ன சார் நடந்தது?” என்று கான்ஸ்டபிள் என்னைக் கேட்டபோது, மீனவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் அடித்ததை மட்டும் சொன்னேன். மற்றதை ஏன் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.