வெற்றுப் படிவத்தில் ஐந்து கையெழுத்து

யமீனாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சுதான் வரும். நகராட்சியில் பிறப்புச் சான்று கொடுக்கும் மேசை அவளுடையது. சொந்தத் தம்பியே வந்து நின்றாலும், ஒரு தாள் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். பக்கத்து மேசையில் மரணப் பதிவு என்னுடையது. நான் அப்படியில்லை. தெரிந்த முகமென்றால் சட்டுபுட்டென்று முடித்து அனுப்பிவிடுவேன். இருபத்தெட்டு வருஷம் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். சண்டை போடாத நாள் குறைவு.

தேர்தல் வந்தால் பெண்கள் சாவடிக்கு அவள்தான் தலைவி, நான் துணை. எங்கள் அல்ஜீரியாவில் ஆண்களுக்குத் தனிச் சாவடி, பெண்களுக்குத் தனிச் சாவடி. அந்த முறை அரசாங்கம் செய்த தடபுடல் கொஞ்சநஞ்சமில்லை. உள்ளே தெரிகிற பெட்டி, அழியாத மை, புதிதாக ஒரு தேர்தல் ஆணையம், உங்கள் ஓட்டு பத்திரம் என்று வானொலியில் மணிக்கொரு அறிவிப்பு. பயிற்சி வகுப்பில் யமீனா ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். நான் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் சரி, ஓட்டுப் போட ஆள் வந்தால்தானே? பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். மத்தியானம் வரை நாற்பது பேர்கூட வரவில்லை. கட்சிகளின் முகவர்களாக வந்திருந்த இரண்டு பெண்கள் சாப்பிடப் போனவர்கள் போனவர்கள்தான்.

எங்கள் ஊர்ச் சாவடிகளில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணி முடித்ததும் சாவடியில் இருக்கும் ஐந்து பேரும் எண்ணிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஐந்து பிரதி, பிரதிக்கு மூன்று பக்கம். அதைப் போட்டு முடிப்பதற்குள் கை மரத்துப் போகும். அதனால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மத்தியான நேரத்திலேயே வெற்றுப் படிவத்தில் போட்டு வைத்துவிடுவார்கள். எண்களைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம். எல்லாச் சாவடியிலும் இதுதான் நடப்பு, யாரும் தப்பாக நினைத்ததில்லை. யமீனா மட்டும் எங்கள் சாவடியில் அதற்கு ஒருபோதும் இடம் கொடுத்ததில்லை.

அன்று மூன்று மணிக்கு அவள் மருமகன் போன் செய்தான். மகள் நஸ்ரீனுக்கு வலி கண்டுவிட்டது, மாகாண மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். யமீனாவின் முகம் வெளுத்துப் போயிற்று. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு முடியும். மருத்துவமனை இருக்கும் ஊருக்கு எட்டு மணிக்குக் கடைசி டாக்சி. எண்ணி, எழுதி, பதினைந்து பக்கம் கையெழுத்துப் போட்டு எப்போது கிளம்புவது? இப்போதே போட்டு வைத்துவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அவள் மாட்டேன் என்றாள். பெற்ற மகளைவிட இந்தக் காகிதம் பெரிசா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

அவள் போட்டாள். நாங்களும் போட்டோம்.

ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். எண்பத்து மூன்று ஓட்டு. யமீனா ஓட்டுச் சீட்டு இருந்த ஒவ்வொரு உறையையும் பிரித்து, உரக்கப் படித்து, இரண்டு தரம் எண்ணினாள். படிவத்தில் எழுதப் பேனாவை எடுக்கும்போது வட்ட அலுவலகத்து நஸ்ருத்தீன் உள்ளே வந்தான். படிவங்களைப் புரட்டினான். எண் இல்லை, கையெழுத்து மட்டும் இருக்கிறது. அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். அப்படியே கோப்பில் வைத்துக்கொண்டான்.

"எண்ணிக்கையெல்லாம் ஆபீஸ்ல எழுதிக்கிறோம்க்கா. நீங்க கிளம்புங்க. பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்காமே?"

வாசல் காவலரிடம் அதை உளறியதும் நான்தான். யமீனா கோப்பைப் பிடித்துக்கொண்டாள். எழுதாமல் தரமாட்டேன் என்றாள். அவனும் விடவில்லை. டாக்சிக்காரன் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் விரல்களைப் பிரித்துவிட்டு, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் டாக்சியில் ஏற்றினேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். விடிந்ததும் போன் செய்தாள். பேரன் என்று சொன்ன கையோடு, சாவடிக் கதவில் எத்தனை ஓட்டு என்று ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் பார் என்றாள். போய்ப் பார்த்தேன். நானூற்றுத் தொண்ணூற்றேழு. கீழே எங்கள் ஐந்து கையெழுத்து. அதைச் சொன்னதும், விடமாட்டேன் என்றாள்.

முறையீடு செய்ய இரண்டு நாள்தான் அவகாசம். மற்ற மூவரும் வீட்டுக் கதவையே திறக்கவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள், வருகிறேன் என்றேன். அன்றிரவு ஒரு வாய் இறங்கவில்லை. எனக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருஷம் பாக்கி. கணவருக்கு வேலையில்லை.

ஆணையத்து அதிகாரி மரியாதையானவர். காபி வரவழைத்தார். படிவத்தை மேசையில் விரித்து, கையெழுத்து உங்களுடையதுதானா என்று யமீனாவைக் கேட்டார்.

"என்னுதுதான். வெத்துப் படிவத்துல போட்டேன். அது குத்தம்னு தெரியும், எழுதிக்குங்க. ஆனா ஓட்டுப் போட வந்தது எண்பத்து மூணு பேரு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இவர் ஒருவர் சொல் போதாது, ஐவரில் இன்னொருவர் இதையே சொன்னால் ஓட்டுப் போட்டவர்கள் வாக்காளர் பட்டியலில் வைத்த கைரேகைகளை எண்ணச் சொல்லி உத்தரவு போடுவேன் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எப்பப் போட்டீங்க?"

யமீனா என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்வேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

"எண்ணி முடிச்சப்புறம்தான் போட்டேன்" என்றேன்.

அவள் அப்போதுதான் திரும்பினாள். திட்டுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அதிகாரியிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். தன் வாக்குமூலத்தை இரண்டு தரம் படித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாக எழுந்து போனாள்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த வாரம் மந்திரி தொலைக்காட்சியில் பேசினார். இவ்வளவு சுத்தமான தேர்தலை நாடு கண்டதில்லையாம். எங்கள் மாகாணத்தில் வந்தது ஒரே ஒரு புகார், அதையும் அதே சாவடியில் பணியாற்றிய நேர்மையான பெண்மணி ஒருவர் மறுத்துவிட்டார் என்றார்.

என் கணவர் சந்தோஷமாக என் பக்கம் திரும்பி, "உன்னைத்தான் சொல்றாரு" என்றார்.